கிரேட் 8 முடிச்சாச்சு, அடுத்தது இதுவா?

பியானோவில கிரேட் 8 சோதினை முடிச்ச பிள்ளையள் உடனே கைவைக்கப் பாக்கிறது இசையமைப்பாளர் சோபினின்ரை ஃபான்டசி இம்ப்ராம்ப்டு எண்ட பியானோ உருப்படி, 1834இல எழுதினது. எல்லாரும் வேகத்துக்குத்தான் பயப்பிடினம். வேகம் பிறகு வரும். முதல் சிக்கல் கணக்கு.

வலக்கை நாலு அடிக்கிற நேரத்தில இடக்கை மூண்டு. மிருதங்கம் படிச்ச பிள்ளைக்குச் சொல்லுறதெண்டா, ஒரு கையில தகதிமி, மற்றதில தகிட. கணக்கு விளங்கிறதுக்கு 12 ஆப் பிரிச்சு எண்ணிப் பாருங்கோ: வலக்கை 1, 4, 7, 10, இடக்கை 1, 5, 9. சேருறது ஒண்டில மட்டும். ஆனா வலக்கை நுழையிற இடத்தில அந்த ஒண்டே ஓய்வு! பிடிக்க ஆளில்லாமல் கன பேர் அங்கதான் தடுக்குப்படுகினம். இடக்கையைத் தனிய, பாக்காமல் ஓட்டப் பழகினாப் பிறகுதான் சேர்க்கவேணும். மெதுவா எண்ணி எண்ணிச் சேர்த்தால் அந்தத் தடக்கலே கையில ஊறிப்போகும்.

நடுப்பகுதி நோட்டுக்கு லேசு. பாட வைக்கிறதுதான் பாடு: வலக்கை மெட்டு மேல நிக்கவேணும், இடக்கை அமுங்கவேணும். பாரமில்லாத கட்டையுள்ள 61 கட்டைக் கீபோர்டில இது பிடிபடாது.

கடைசிப் பக்கத்தில அந்த மெட்டு இடக்கைக்கு இறங்கும். பெடலை, அதுதான் சத்தத்தை நீட்டிற கால்மிதியை, விட்டு விட்டு மிதிச்சு மாத்தாமல் விட்டால் எல்லாம் கூழ்தான்.