தோட்டா விலையை ஓட்டையின் அளவு தீர்மானிப்பதில்லை

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியபின், ஏர் ரைஃபிள் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து வீடுகளில் விளக்கிச் சொல்லும் வேலை குறைந்திருக்கிறது. பிள்ளைக்கு 10 மீட்டரில் புள்ளி ஏறியதும் அடுத்த பேச்சு 50 மீட்டர், அதாவது குழல் ஓட்டை .22 அங்குலம் உள்ள ரைஃபிள். அப்போது பெற்றோரைத் திகைக்க வைப்பது துப்பாக்கி விலை இல்லை. அதை ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். மாதாமாதம் வாங்கவேண்டிய தோட்டாதான் திகைக்க வைக்கிறது. "பெல்லட்டும் ஈயம், இதுவும் ஈயம், ஒரு மில்லிமீட்டர்தானே கூட?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பெல்லட் என்பது 4.5 மி.மீ. ஈயத் துண்டு, அவ்வளவுதான். மேட்ச் பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம் இருக்கும். மருந்து இல்லை, பித்தளை இல்லை. தள்ளும் காற்று துப்பாக்கியின் சிலிண்டரில் இருக்கிறது. 20 ஜூலுக்கு மேல் போகாத .177 (அதே 4.5 மி.மீ.) ஏர் ரைஃபிளுக்கு உரிமமும் வேண்டாம். .22 எல்.ஆர். தோட்டாவோ நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பற்றும் கலவை), வெடிமருந்து, குண்டு. விலை வித்தியாசத்தின் வேர் இந்த நான்கில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே முடிவதில்லை.

முதலில் எடை. குண்டும் மருந்தும் கிரெயினில் சொல்லப்படும், 15.4 கிரெயின் ஒரு கிராம். பழைய நகைக்கடைக் கணக்கில் ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் வரும். .22 எல்.ஆரின் குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். மருந்து ஒன்று, ஒன்றரை கிரெயின்தான், சிட்டிகைக்கும் குறைவு. கூடு ஒரு கிராம்கூட இல்லை. பெரிய ரைஃபிள் தோட்டாவான .308-இல் குண்டு 168 கிரெயின், மருந்து 43 கிரெயின் அளவு, கூடு மட்டும் 11 கிராம். ஆயிரம் தோட்டாவுக்கு 11 கிலோ பித்தளை! பழைய பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். தோட்டாக் கூட்டுப் பித்தளை 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். தாமிரம் ஏறினால் பெரிய காலிபர்தான் (குழல் ஓட்டையின் அளவு) முதலில் வலிக்கும். .22-இன் குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகு பூச்சு. .308-இன் குண்டுக்குத் தாமிர உறையும் வேண்டும், அங்கேயும் தாமிரமே.

எடையைவிட முக்கியம் கூடு செய்யும் வேலை. பித்தளைத் தகட்டில் வட்டம் வெட்டிக் கிண்ணமாக அழுத்தி, அதை இழுத்து இழுத்து நீளமாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை விறைக்கும். அப்படியே அடுத்த இழுப்புக்குப் போனால் கிழியும். அதனால் நடுவில் சூடாக்கி இளக்கி, அமிலத்தில் கழுவி, மறுபடி இழுப்பு. பிறகு அடிப்பாகத்தைத் தட்டி பிரைமர் குழி, கடைசல், தோள்பட்டை, கழுத்து குறுக்கல், கழுத்தை மட்டும் இன்னொரு முறை இளக்கல். கழுத்தை இளக்காமல் விட்டால் சில மாதத்தில் தானாகவே வெடிப்பு விடும். .22 கூடு நேர்க்குழாய், நீளமும் குறைவு. இந்தப் படிகளில் பாதி அதற்குத் தேவையே இல்லை.

ஆனால் .22-க்கென்று ஒரு தொல்லை உண்டு. அதில் பிரைமர் தனித் துண்டாக வராது. ஈரமாக இருக்கும் பிரைமர் கலவையைக் கூட்டுக்குள் இட்டு, கூட்டைச் சுழற்றி, அடி விளிம்பின் மடிப்புக்குள் பரப்புவார்கள். சுற்றிலும் சமமாகப் பரவாத இடத்தில் ஊசி அடித்தால் தோட்டா வெடிக்காது. மலிவுப் பெட்டியில் "புஸ்" ஆவது பெரும்பாலும் இதனால்தான். (வெடிக்கவில்லை என்று உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி இருக்கட்டும்.)

இதுவரை சொன்னதை வைத்துப் "பொருள் கூடினால் விலை கூடும்" என்று முடிவு கட்டினால் தப்பு. .308, .243, .260 ரெமிங்டன், 7 மி.மீ.-08 நான்கையும் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். நான்கும் ஒரே கூட்டிலிருந்து பிறந்த பிள்ளைகள். அடிப்பாகம் ஒன்று, நீளம் ஏறக்குறைய ஒன்று, கழுத்து மட்டும் வேறு. பித்தளைச் செலவு ஒன்றே, மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனாலும் வெளிநாட்டுக் கடைகளில் .308 மலிவாகவும் .260 விலை கூடியும்தான் கிடைக்கும். 1952-இல் வந்த .308-இன் ராணுவ வடிவம்தான் நேட்டோவின் 7.62. அதற்கான இயந்திர வரிசை ஆண்டு முழுக்க ஓடும். எத்தனையோ ராணுவமும் வேட்டைக்காரரும் வாங்குகிறார்கள். .260-க்கு ஆலைக்காரர் அந்த வரிசையை நிறுத்தி, டை என்ற அச்சை மாற்றி, சோதனை ஓட்டம் விட்டு, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி பழையதற்கு மாற்றவேண்டும். அந்த நின்ற நேரத்தின் செலவு முழுவதும் அந்தச் சின்னத் தொகுதியின் தலையில் விழுகிறது. கல்யாண மண்டபத்துக்கு ஆயிரம் இலை சாப்பாடு போடுகிற சமையல்காரரிடம் பத்து பேருக்குத் தனியாக ஒரு பதார்த்தம் கேட்பது மாதிரி.

.17 எச்.எம்.ஆர். என்ற தோட்டா இன்னும் நல்ல உதாரணம். .22-ஐவிடச் சின்ன ஓட்டை, குண்டு 17 கிரெயின். விலையோ சாதாரண .22-ஐப் போல மூன்று நான்கு மடங்கு. வேகம் அதிகம் என்பதால் வெறும் ஈயம் தாங்காது, உறை போட்ட குண்டு வேண்டும். செய்கிற ஆலைகளும் சிலவே.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பயிர்க் காவலுக்கோ பாதுகாப்புக்கோ உரிமம் வைத்திருப்பவர் ரைஃபிள் என்று சொன்னால் அது பெரும்பாலும் .315 தான். ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்கள் கையில் புழங்கக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த முடிவின் வாரிசு அது. ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை ஒட்டியது, 244 கிரெயின் குண்டு. .303 இன்றும் தடை செய்யப்பட்ட குழல் அளவுதான். ஆக, .315-க்கு உலகச் சந்தை என்று ஒன்று இல்லை. செய்வதும் வாங்குவதும் இங்கேயே. போட்டி இல்லாத பொருளின் விலை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டாம். 2021 அக்டோபர் முதல் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன. தோட்டா, வெடிமருந்துத் தொழிற்சாலைகள் மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தன. நீலகிரியின் அருவங்காட்டில் 1903 முதல் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையும் அதில் ஒன்று. அந்த மருந்தின் அடிப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு பிரித்தபின் பருத்தி விதையில் ஒட்டி நிற்கும் குட்டை இழையிலிருந்து வருவது. எங்காவது பெரிய யுத்தம் மூண்டால் பீரங்கிக் குண்டுகளுக்கு இதே சரக்கு வேண்டும். வேட்டைத் தோட்டா வரிசையில் பின்னால் நிற்கும்.

ஒரே காலிபருக்குள்ளேயே ஐந்தாறு மடங்கு வித்தியாசம் வருவதும் உண்டு, அது .22-இல்தான். ஈலி டெனெக்ஸ், லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 போன்ற மேட்ச் தோட்டாக்களில் நீங்கள் காசு கொடுப்பது பொருளுக்கு இல்லை, சலித்து எடுத்ததற்கு. ஆலையில் ஒவ்வொரு லாட்டையும் (ஒரே ஓட்டத்தில் செய்த தொகுதி) சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுந்ததற்கு மேல் பெயர், மற்றதற்குக் கீழ்ப் பெயர். அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், லாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் குழலில் நன்றாக விழும் நடுத்தர லாட், சேராத உச்ச லாட்டைத் தோற்கடிக்கும். இரண்டு மூன்று லாட்டில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, ஸ்டாண்டில் பூட்டி 50 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தபின் மொத்தமாகச் சொல்வதே சிக்கனம். மூன்று நிலைப் போட்டி 60 சுற்று. முன்சுடுதலையும் சேர்த்தால் இரண்டு பெட்டி, நூறு தோட்டா, கிட்டத்தட்டக் காலி. பயிற்சிக்குக் கீழ்த்தரத்தை வைத்துக்கொண்டு, போட்டிக்கு ஒரு வாரம் முன் மாறினால் போதும். மாறியதும் குறிபார்க்கும் சைட்டைத் திரும்பச் சரிபார்க்கவேண்டும், இதை மறப்பவர்கள் நிறைய.

"அதிவேகம்" என்று எழுதிய .22 மலிவாகக் கிடைக்கிறதே என்றால், இலக்குச் சுடுதலுக்கு வேண்டாம். அது நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டரைத் தொடுவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். மேட்ச் தோட்டா 325 மீட்டர் அளவில்தான் கிளம்பும். புதுச்சேரி வெயிலில், 33 டிகிரியில், ஒலி வேகம் 351 மீட்டர். நமக்கு இடைவெளி தாராளம்.

வாங்கியதைக் கெடுக்காமல் வைப்பதும் விலைக்கணக்கில் சேரும். கடற்கரை உப்புக்காற்றில் பித்தளை கறுக்கும், ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, உரிமம் சொல்கிறபடி பூட்டி வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட பெட்டியில் மெழுகு இளகி மணல் ஒட்டிக்கொள்ளும். அந்த மணல் நேரே குழலுக்குள் போகும். அப்படி ஒட்டிய தோட்டாவைத் துணியால் துடைத்துப் பயனில்லை, மெழுகும் சேர்ந்து போய்விடும். அந்தப் பெட்டியைப் பயிற்சிக்குக்கூட எடுக்காதீர்கள்.