மொய் நோட்டு

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா அம்மா கல்யாண மொய் நோட்டு கிடைத்தது. பிள்ளையார் சுழி, தாய்மாமன் 101, அப்புறம் வரிசையாக 51, 21, 11. அந்தக் கூடுதல் ஒரு ரூபாய் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் வெறும் 500 ரூபாய்த் தாளைக் கவரில் வைக்க இன்றைக்கும் கை வராது. இப்போது நாணயம் ஒட்டிய கவரே கடையில் விற்கிறார்கள், சரிதான்.

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் இன்னும் பெரிய விஷயம். ஆடி, ஆவணியில் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, வந்த மொய்யில் தொழில் தொடங்குவார்கள், கடன் அடைப்பார்கள். பத்திரம் கிடையாது, நோட்டுதான் சாட்சி. திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். போடாதவர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. (எந்த வங்கி நோட்டீசுக்கும் இந்தப் பயம் வராது!)

எங்கள் நோட்டில் திருப்பிச் செய்த பெயர்களுக்கு அம்மா பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். ஒரு பெயருக்கு மட்டும் இல்லை. 21 ரூபாய். கேட்டதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

"தையில அவங்க பேத்திக்குக் காதுகுத்து. மறந்துடாதப்பா."