போதை மறுவாழ்வு மையத்துக்குப் பதிவு வாங்குவது: ஃபைல் சிக்கும் இடங்கள்

எங்கள் மையத்துக்கான தற்காலிகப் பதிவுச் சான்று ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மனநோய் என்றே சொல்கிறது. அதனால் ‘கவுன்சலிங் மட்டும்தான்’ என்று சொல்லி ஆட்களைத் தங்கவைக்கிற மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் முதல் தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

விண்ணப்பம், கட்டணம், மருத்துவர்களின் சான்றுகள் எல்லாம் சுலபமாக முடிந்தன. இடித்தது கதவு எண். வாடகை ஒப்பந்தத்தில் பழைய எண், தீயணைப்புத் துறைச் சான்றில் புதிய எண். இரண்டும் இருக்கிற சொத்துவரி ரசீதைக் காட்டியும் எழுத்தர் ஏற்கவில்லை. ஆய்வு முடிந்தால்தான் சான்று என்று வேறு சொல்லிவிட்டார். 66ஆம் பிரிவின்படி தற்காலிகப் பதிவுக்கு முன் விசாரணை தேவையே இல்லை. விண்ணப்பம் கிடைத்த 10 நாளுக்குள் சான்று தர வேண்டும். இதைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. ஒப்பந்தம் போடும்போதே ‘பழைய எண், புதிய எண்’ இரண்டையும் எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

கட்டடக் காகிதங்களைவிட அட்மிஷன் காகிதங்களில்தான் பெரும்பாலான மையங்கள் மாட்டுகின்றன. மனைவியோ அண்ணனோ கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆளை வண்டியில் ஏற்றிவரும் பழக்கம் இன்னும் போகவில்லை. தானாக வந்தவர் என்றால் அவரே கையெழுத்திட வேண்டும். அவர் போகிறேன் என்றால் அனுப்பியாக வேண்டும். மேற்கொண்டு பரிசோதிக்க அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். அவர் சம்மதம் இல்லாத அட்மிஷன் 89ஆம் பிரிவில் வரும். நியமனப் பிரதிநிதியின், அதாவது அவர் சார்பில் பேச அவரே நியமித்த அல்லது சட்டம் குறிக்கும் ஆளின், விண்ணப்பம் வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். 30 நாள்தான் உச்சவரம்பு. இப்படிப்பட்ட அட்மிஷன்களைப் பரிசீலிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல் போக வேண்டும். பெண், சிறார் என்றால் 3 நாள். கேஸ் ஷீட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்; 24 மணி நேரக் கணக்கு அங்கேதான் நிற்கும்.

பூட்டு, சங்கிலி விஷயத்தில் சமாதானமே கூடாது. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று எந்த வடிவிலும் சங்கிலியிடுவது சட்டவிரோதம், தனியறையில் அடைப்பதும் அப்படியே. கட்டாய மொட்டையும் கூடாது.

மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். வாரியத்துக்கு மனுப்போட படிவம் கேட்டால் கொடுக்க வேண்டும், கூப்பிட இலவசமாக ஃபோனும் தர வேண்டும். உள்ளே வந்ததும் செல்ஃபோனை வாங்கி வைத்துக்கொள்ளும் மையங்கள் இதற்கென்றே வரவேற்பறையில் ஒரு லேண்ட்லைன் வைத்துவிடுவது நல்லது. ஆஃபிஸ் அறைக்குள் வைத்தால் ஊழியர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தற்காலிகச் சான்று 12 மாதம்தான் செல்லும். புதுப்பிக்க, முடிவதற்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தேதி தாண்டினால் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.