ஜாஸ்பருக்கு முதல் சுற்றுதான் எல்லாம்

குளிர்காலப் புயல் அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனதும் அடியில் கிடக்கும் சரளைக்கல் வெளியே வரும். நான் நியூபோர்ட் பக்கம் கிளம்புவது அப்போதுதான். அங்கே ஒரு கடற்கரைக்கு அகேட் பீச் என்றே பெயர். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தில் மின்னும் அகேட் கல்லைத் தேடுவார்கள். நான் குனிவது ஜாஸ்பர் கல்லுக்கு, வீட்டில் டிரம்மில் உருட்டி மெருகேற்ற. இரண்டும் குவார்ட்ஸ் குடும்பம்தான். ஜாஸ்பரில் மட்டும் இரும்புத் தாது போன்ற நுண்துகள்கள் அடர்ந்து ஒளியை உள்ளே விடாது. ஹீமடைட் இருந்தால் சிவப்பு, கோதைட் இருந்தால் மஞ்சள். அந்த அழுத்தமான நிறத்துக்கு முன்னால் எனக்கு அகேட் எல்லாம் இரண்டாம்பட்சம்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கேலன், வருடத்துக்கு 3 கேலன் வரை எடுக்கலாம் என்பது மாநில விதி. நல்ல விதி. கண்டதை அள்ளாமல் பார்த்து எடுக்கச் சொல்கிறது. நான் பார்ப்பது இரண்டே விஷயம். உடைந்த முனை சொரசொரப்பாக, மணிமணியாக இருந்தால் அது எரிமலைப் பாறை, வேண்டாம். மெழுகு தடவினதுபோல வழவழப்பாக இருந்தால் ஜாஸ்பர். அடுத்து, ஈரமான கல்லை உள்ளங்கையில் வைத்துக் காயவிடுவேன். மேற்பரப்பு வெளுத்த பிறகும் முடிபோல ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரம் காட்டினால் அது விரிசல். அந்தக் கல் கடலுக்கே திரும்பும்.

வீட்டில் இருப்பது மோட்டார் சுழற்றும், 3 பவுண்டு பிடிக்கும் ரப்பர் டிரம். அதில் முக்கால் பாகம் வரை பெரிதும் சிறிதுமாகக் கற்கள், இடைவெளி நிரப்பச் சின்னச் சின்னப் பீங்கான் உருளைகள், மேல் அடுக்குக் கற்களின் அடியைத் தொடும் அளவு தண்ணீர், 60/90 என்ற முரட்டு ரகச் சிலிக்கன் கார்பைடு தூள் 4 மேசைக்கரண்டி. கார்போரண்டம் என்று நம் பட்டறைகளில் சொல்வார்களே, அதேதான். இந்த முரட்டுத் தூளோடு ஓடுவதுதான் முதல் சுற்று. டிரம் சுழலும்போது கற்கள் சுவரோடு மேலே ஏறி, அங்கிருந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் தேய்மானம் நடக்கிறது. பாதிக்கும் குறைவாகப் போட்டால் சரியாது, விழும். விழுந்தால் முனை தெறிக்கும். காதாலேயே கண்டுபிடிக்கலாம்: சளசளவென்று கேட்டால் சரி, டக் டக் என்று கேட்டால் கல் போதவில்லை.

காங்கயத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது, “ஏஞ்சாமி, இது இன்னும் எத்தனை நாளைக்கு உருண்டுட்டே கெடக்கும்?” என்று தினமும் கேட்பாள். பெட்டியோடு வரும் கையேட்டைக் கேட்டால் சுற்றுக்கு 7 நாள், மொத்தம் 4 சுற்று, ஒரு மாதத்தில் முடிந்தது என்று சொல்லும். நான் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, கல்லைப் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை திறந்து, கழுவி, ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு குழி தெரிந்தாலும் புதுத் தூளோடு மறுபடி முதல் சுற்றுக்கே போகும். ஒரே சமயத்தில் உள்ளே போனதில் சில கல் ஒரு வாரத்தில் தேறும், சிலது இரண்டு மாதம் இழுக்கும். இழுக்கட்டும்.

இந்தப் பிடிவாதம் எனக்கு வேலையிலிருந்து வந்தது. ஹில்ஸ்பரோவில் சிப் தொழிற்சாலையில் வேஃபர் என்னும் சிலிக்கன் தகட்டைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில் இருக்கிறேன். முந்தைய கட்டத்தின் துகள் ஒன்று அடுத்த கட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். கல்லுக்கும் அதே கதைதான். குழிக்குள் ஒளிந்த முரட்டுத் தூள் ஒன்று கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் இருக்கும். மெருகுச் சுற்றில் அது வெளியே விழுந்தால் டிரம் முழுக்கக் கீறல். கடைசியில் போடும் அலுமினியம் ஆக்சைடு அந்தக் கீறலைத் தொடவே தொடாது, அவ்வளவு நுண்மையான தூள்.

முதல் சுற்று ஒழுங்காக முடிந்துவிட்டால் 120/220, 500 என்று மேலும் மேலும் நுண்மையான தூள், அப்புறம் மெருகு என்று மற்றதெல்லாம் தானாக நடக்கும். இடையிடையே டிரம்மைப் பல் தேய்க்கும் பிரஷால் மூடியின் விளிம்புவரை தேய்த்துக் கழுவுங்கள். மெருகுக்கு முன்னால் சோப்புத் தூளோடு சில மணி நேரம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் மிச்சமும் போய்விடும். கழுவுகிற சேற்றை மட்டும் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். நான் வாளியில் தெளியவிட்டு, தண்ணீரை இறுத்து, காய்ந்த சேற்றைக் குப்பையில் போடுகிறேன்.

ஈரத்தில் எந்தக் கல்லும் பளபளக்கும், அதை நம்பக் கூடாது. துடைத்து, நன்றாகக் காயவைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கல்மேல் தெரியும் விளக்கின் ஓரம் கத்தி வெட்டினதுபோலத் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. ஓரம் கலங்கித் தெரிந்தால், மறுபடி 500.