113 வருஷம் தப்பிப்போன கணக்கு

செத்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு போலீஸ் கேட்டதும் டாக்டர் டக்குனு நேரம் சொல்ற மாதிரி சினிமால காட்றாங்க, நிஜத்துல அது ரொம்ப கஷ்டமான கணக்கு.

1977 கடைசில அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல ஃப்ராங்க்ளின்ங்கிற ஊர்ல ஒரு பழைய கல்லறைய யாரோ தோண்டிப் போட்டிருந்தாங்க. உள்ள தலையில்லாத ஒரு பாடி, கோட்டு சூட்டோட, சதை இன்னும் இளஞ்சிவப்பா இருக்கு. எலும்பு ஆராய்ச்சில பெரிய ஆளான வில்லியம் பாஸ் பாத்துட்டு, செத்து ஒரு வருஷத்துக்குள்ளதான் இருக்கும்னு சொல்லிட்டாரு. அப்புறம் துணிய டெஸ்ட் பண்ணா செயற்கை நூல் ஒண்ணுகூட இல்ல, விசாரிச்சுப் போனா அது 1864 டிசம்பர்ல, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, நாஷ்வில் சண்டைல செத்த லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஷை! எம்பாமிங் பண்ணி, அதாவது பாடி கெடாம இருக்க மருந்து ஏத்தி, காத்து புகாத இரும்புப் பெட்டில வெச்சிருந்ததால சதை அப்படியே நின்னுருக்கு.

ஏன்னா சூடு, காத்து, ஈரம், ஈ எல்லாம் இருந்தாதான் உடம்பு சீக்கிரம் அழுகும். மூச்சு நின்னதும் செல்லுல இருக்கற என்சைம்களே அந்தந்த செல்ல கரைக்க ஆரம்பிச்சிடும். சில மணி நேரத்துல விறைப்பு வரும், கண் இமை, தாடைலதான் அது முதல்ல தெரியும், நம்ம வீடுகள்ல உடனே தாடைய துணியால கட்டிடறது எவ்ளோ சரியான பழக்கம் பாருங்க, லேட்டானா வாய் திறந்தபடியே இறுகிடும். அப்புறம் தசையே சிதைய ஆரம்பிச்சதும் அந்த விறைப்பு தானா விட்டுடும். அடிவயித்துல வலது பக்கம் பச்சையா ஒரு திட்டு வரும், பெருங்குடல் ஆரம்பிக்கற இடம் அது, அங்க கிருமி ஜாஸ்தி. அந்த கிருமிகள் விடற கேஸ்லதான் உடம்பு உப்புது. வெளில கிடந்தா ஈ சில நிமிஷத்துலயே வந்து முட்டை போட்டுடும், புழு எவ்ளோ வளந்திருக்குன்னு வெச்சுகூட நாள் கணக்கு சொல்லலாம். செத்தப்புறம் முடியும் நகமும் வளரும்னு சொல்றது பொய்ங்க, தோல் காஞ்சு சுருங்கறதால அப்படி தெரியுது.

பாஸ் அந்த தப்ப மறைக்கல, எனக்கு அவர்மேல பெரிய மரியாதை வந்ததே அதனாலதான். இத முறையா படிக்கணும்னு நாக்ஸ்வில்ல டென்னசி யுனிவர்சிட்டி இடத்துல, தானமா வந்த உடம்புகள வெயில்ல, நிழல்ல, மண்ணுக்குள்ளன்னு வெச்சு நாளுக்கு நாள் குறிச்சாரு. 1981ல முதல் உடம்பு வந்துச்சு. இப்பவும் ஜனங்க உயிரோட இருக்கும்போதே உடம்ப தானமா எழுதிக் குடுக்கறாங்க, சதை போனதும் எலும்ப சுத்தம் பண்ணி, வயசோட குறிச்சு, மாணவங்க அளந்து படிக்கறதுக்காக அங்கயே வெச்சுக்கறாங்க.