காசு கொடுத்து வாங்கிய புல்

புல் போட்டு மூன்றாவது வாரம், காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சளடித்துவிட்டது. உடனே யூரியா வாங்கி வந்து ஒரு கை அள்ளி வீசினேன். தண்ணீர் பாய்ச்சத் தோன்றவில்லை. இரண்டு நாளில், கை வீசிய அதே விசிறி வடிவத்தில் புல் கருகிக் கிடந்தது. செய்தது யார் என்று வீட்டில் யாரும் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் அப்பாவுக்குப் போன் போட்டேன். மேலூர்ப் பக்கம் வயல். வாழ்நாள் முழுக்கப் புல்லை வெட்டி எறிந்தவர். நர்சரியில் கொரியன் புல், பெர்முடா இரண்டும் காட்டினார்கள், பெர்முடா என்றால் நம்ம அருகம்புல்தானாம் என்று நான் முன்பு சொன்னபோது, "வரப்புல நான் வெட்டிப் போட்டத வித்திருந்தா மதுரையில நாலு வீடு வாங்கிருப்பேனேத்தா" என்று சிரித்தார். நாங்கள் போட்டது கொரியன், மண்ணோடு வெட்டியெடுத்த துண்டுகளாக, 300 சதுர அடி.

வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். மஞ்சள் பகுதியில் ஒரு துண்டின் மூலையைப் பிடித்து லேசாக இழுத்தார். சாக்கு மாதிரி அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் நர்சரிக் களிமண் கட்டி காய்ந்து, வேர் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது. இரண்டடி தள்ளிப் பச்சையாக இருந்த துண்டை இழுத்தார், அசையவில்லை. "இது பிடிச்சிருச்சு. அது பிடிக்கல. மேல பாத்துட்டு உரம் போட்டா எப்படி?"

கடப்பாரையை இறக்கினார். இரண்டு அங்குலம் செம்மண், அதற்குக் கீழே ணங் என்று சத்தம். வீடு கட்டும்போது கொத்தனார் கலவை போட்ட இடம் அது. இறுகிப்போன சிமெண்ட், ஜல்லி, ஒரு குட்கா கவர். அதன்மேல் மண்ணைத் தூவிப் புல்லை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேர் இறங்க வழியில்லை. போதாததற்கு சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணில் ஏறினால், இரும்புச்சத்து இருந்தாலும் புல்லால் எடுத்துக்கொள்ள முடியாமல் வெளுத்துவிடும். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, பதினொரு சட்டி அள்ளிக் கொட்டினோம். செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்பி, மிதித்துச் சமன் செய்து, புதுத் துண்டுகளை வைத்தோம்.

தண்ணீர் விஷயத்திலும் திட்டு வாங்கினேன். முதல் இரண்டு வாரம் ஈரம் காயாமல் அடிக்கடி தெளிக்கச் சொல்லியிருந்தார்கள்; வேர் பிடித்த இடங்களிலும் நான் அதையே தொடர்ந்துகொண்டிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் அரை அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்து கிடக்கிறது. "உதட்ட நனைச்சுட்டு தாகம் தீர்ந்துச்சாங்கற." இப்போது வேர் பிடித்த பகுதிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஸ்க்ரூ டிரைவர் விரல் நீளம் இறங்கும்வரை, விடியற்காலையில் விடுகிறேன். துண்டுகளுக்கு நடுவே வாய் பிளந்திருந்த இடைவெளிகளில் சலித்த மண்ணும் மணலும் தள்ளிவிட்டோம். ஓரம் காய்வது நின்றது.

கோரைதான் அடங்க மாட்டேன் என்கிறது. செம்மண்ணோடு வந்திருக்க வேண்டும். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வருகிறது. கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கிறது. ஈரம் இருக்கும்போது சின்னக் கொத்தால் கிழங்கோடு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

மாமரத்தடியில் புல் மெலிந்துகொண்டே போனது. கொரியனுக்கு நல்ல வெயில் வேண்டும். நர்சரிக்காரர் போனில், "வேற ரகம் போட்டுப் பாக்கலாம் மேடம்" என்றார். அப்பா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "நல்ல நிழலு. கட்டிலப் போடு."

போட்டாயிற்று. நேற்றுக் காலை அதில் உட்கார்ந்து எண்ணினேன்: கோரை, ஏழு.