முள்ளுக்கு நடுவே ஒரு முகூர்த்தம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் கல்யாணத்துக்கு நேரம் குறிப்பவர் சூரியன்தான். பக்கத்து ஊரான டெம்பேயில் என்னோடு படித்த அமெரிக்கத் தோழியின் கல்யாணப் பத்திரிகையில் ஏப்ரல் முதல் வாரம், மாலை 5:45 என்று இருந்தது. அதென்ன முக்கால் என்று கேட்டேன். அன்று சூரியன் மறைவது ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னால், சடங்குக்கு இருபத்தைந்து நிமிடம், மிச்ச வெளிச்சம் முழுக்கப் போட்டோவுக்கு என்று கணக்குச் சொன்னாள். ராகுகாலம் பார்த்தே வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சகஜம்தானே. இடம் மட்டும்தான் வீட்டில் பிரச்சினையானது. கள்ளிச்செடித் தோட்டத்தில் கல்யாணம் என்று போனில் சொன்னதும் அம்மா, "ஏன்டி, அவங்களுக்கு மண்டபம் கிடைக்கலையா?" என்றாள்.

அந்தத் தோட்டத்தின் பெயர் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன். பாபகோ பூங்காவுக்குள், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. 140 ஏக்கர். விமான நிலையத்திலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். 1930களில் குஸ்தாஃப் ஸ்டார்க் என்ற ஸ்வீடன்காரர் 'பாலைவனத்தைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு பலகை எழுதி, தன் வீட்டுப் பக்கம் அம்புக்குறி போட்டு நட்டுவைத்தாராம். அப்படித் தேடி வந்தவர்களோடு கெர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற வசதியான அம்மையாரும் சேர, 1939-ல் தோட்டம் திறந்தாயிற்று. லாப நோக்கமில்லாத அமைப்பு என்பதால் டிக்கெட், நன்கொடை, கல்யாணம், கம்பெனி விருந்து என்று வருகிற பணம் தோட்டத்தை நடத்தத்தான் போகிறது. வாடகை கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அலங்காரச் செலவு மிச்சம் என்றார் பெண்ணின் அப்பா. உண்மைதான். பாலோ வெர்டே மரங்கள் இலை தெரியாமல் மஞ்சளாய்ப் பூத்துக்கொட்டுகிற இடத்தில், செவ்வந்தி மாலை கட்டி என்ன ஆகப்போகிறது?

இங்கே கல்யாண சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் வெயில். 2023-ல் தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் பகல் கொதித்தது, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்தக் கோடையில் சகுவாரோக்களே சாய்ந்தன. சகுவாரோ என்பது சினிமாவில் கைதூக்கி நிற்குமே, அந்தக் கள்ளி. பகல் வெயில் அதற்குப் பழக்கம்தான், ராத்திரி ஆறாமல் போவதுதான் ஆபத்து. இந்தச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்ததும் திறந்துதான் கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். இரவும் அனலாக இருந்தால் மூச்சுவிட வழியில்லை. பத்து வயதில் இரண்டு அங்குலம்கூட வளராத செடி. முதல் கை முளைக்கவே ஐம்பது, எழுபது வருஷம் ஆகும். அப்படி ஒன்று விழுந்தால், அந்த இடத்தில் நம் ஆயுசுக்குள் இன்னொன்று நிற்காது.

அதனாலோ என்னவோ, நாங்கள் இருந்த பகுதியில் எல்லாமே செடிகளின் சௌகரியத்துக்குத்தான் நடந்தது. நாற்காலி வரிசையை ஒரு ஓரத்தில் வளைத்துப் போட்டிருந்தார்கள், குறுக்கே ஒரு பீப்பாய்க் கள்ளி இருந்ததால். செடிகளில் ஒரு ரிப்பன்கூடக் கட்டவில்லை. காகிதத் துண்டு, அரிசி எதுவும் தூவவில்லை. அட்சதை இல்லாத கல்யாணத்தில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சடங்கை நடத்தியவர் மாப்பிள்ளையின் பள்ளித் தோழர். ஆன்லைனில் பதிவுசெய்து போதகர் பட்டம் வாங்கியவர். அரிசோனாவில் அது செல்லும். அவர் "இவர்கள் இருவரும்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் ஒரு விமானம் போகும். நிறுத்துவார், சிரிப்பார், தொடர்வார். விமானம் ஓய்ந்தால் கள்ளிக்குருவி. அரிசோனாவின் மாநிலப் பறவை அது. குரலோ, குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாத டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி. சோயா (cholla) என்ற கள்ளியின் முள்ளுக்குள்ளேயே கூடு கட்டி நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிறது. பாம்புக்குக்கூட உள்ளே நுழையத் தயக்கமாகத்தான் இருக்கும்.

சோயாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பொம்மைக்கரடிச் சோயா என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் புசுபுசுவென்று பஞ்சு, கிட்டே போனால் அத்தனையும் முள். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையின் அக்கா பையன், ஆறேழு வயது, பாதையை விட்டுப் பந்தைத் துரத்தப் போய்க் காலுறையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அம்மா கையால் பிடுங்கப் போனாள். பக்கத்து வரிசையிலிருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் "வேண்டாம்" என்று தடுத்து, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். கணுவுக்கும் காலுறைக்கும் நடுவில் பல்லை நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரே சுண்டு. கணு தெறித்துச் சரளையில் விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு முள்ளை இடுக்கியால் எடுத்துவிட்டுச் சீப்பைத் துடைத்து உள்ளே போட்டுக்கொண்டார். பையன் அழக்கூட நேரமில்லை. இந்த ஊரில் நடக்கப் போகிறவர்கள் சீப்பு வைத்திருப்பது தலைவாருவதற்கு இல்லையாம்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஆமாம், ஆமாம் என்று சொல்லி முடித்ததும் கல்யாண லைசென்ஸில் கையெழுத்து. கவுண்டி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவைத்த தாள் அது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருத்தி நான். காற்றில் பறக்காமலிருக்க ஒருவர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, என் முழுப்பெயரை அந்தச் சின்னக் கோட்டுக்குள் அடக்க நான் பட்ட பாட்டை போட்டோக்காரர் விடாமல் எடுத்துவைத்திருக்கிறார்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது பானம்தான். கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம் போட்ட எலுமிச்சைச் சாறு. நம்மூர் வேலியோரத்தில் பறித்து, முள்ளைத் தரையில் தேய்த்துத் தின்று நாக்கெல்லாம் சிவந்து திரிவோமே, அந்த இனம்தான். சப்பாத்திக்கள்ளிக்கும், ரயில் பாதையோரம் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கும் பூர்வீகம் இந்த அமெரிக்கக் கண்டம்தான். நாம் வேலியில் விட்டதை இங்கே கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஆனைக்கற்றாழை இனத்தில் பலவும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்து முடித்ததும் செத்துப்போகும். இதைக் கல்யாண மேஜையில் விளக்கிய மாப்பிள்ளையின் மாமாவை அவர் மனைவி மேஜைக்கடியில் மிதித்ததை நான் பார்த்தேன்.

இருட்டியதும் குளிர் சட்டென்று இறங்கிவிட்டது. மாலையில் வியர்த்தவர்கள் எட்டு மணிக்குச் சால்வை தேடினார்கள்.

கல்யாண அழைப்பு இல்லாமலும் போகலாம், டிக்கெட் எடுத்தால் போதும். டிசம்பரில் பாதையெங்கும் காகிதப்பை விளக்கு ஏற்றிவைக்கும் லூமினாரியாஸ் இரவுகள் பார்க்கவேண்டியவை, டிக்கெட் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சகுவாரோ பூ வேண்டுமானால் மே மாதம் போங்கள். ராத்திரி மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ஜூலையில் யாராவது திறந்தவெளிக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மொய்யை மட்டும் அனுப்பிவிடலாம். அது புழுதிப்புயல் காலமும்கூட. பாதைகளில் சரளை அதிகம், குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், முந்தானையை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.